வெண்டர் பெட்டியில் நைட்ரஜன்

"இன்னா பாப்பா இது? பால் கேன்லேர்ந்து பொகை வருது. உள்ள இன்னாத்த வேவ வச்சிக்கினு கீற?"

கேட்டவர் நண்டுக் கூடையைக் கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தபடி ரயில் பெட்டியின் தரையில் உட்கார்ந்திருந்தார். அது மீன்காரப் பெண்கள் ஏறும் வெண்டர் பெட்டி. நான் திருவொற்றியூரில் அலுமினியக் கேனோடு ஏறி, நிற்க ஒரு காய்ந்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியில் அப்படி ஓர் இடம் கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

"வேகலக்கா. இது ரொம்பக் குளிர்ச்சி."

"குளிர்ச்சின்னா எதுக்குப் பொகையுது?"

நியாயமான கேள்வி. கழுத்தில் ஆராய்ச்சி மாணவி என்ற அடையாள அட்டை தொங்க, "காத்துல இருக்கிற ஈரம் இருக்குல்லக்கா, அது..." என்று ஆரம்பித்தேன். ரயில் ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பியது. கேன் சாய்ந்தது. மூடியின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை கொத்தாக இறங்கித் தரையெல்லாம் பரவ, பெட்டியில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"ஐயய்யோ, இன்னாத்தயோ கொண்டாந்துகீதுடி இந்தப் பொண்ணு!"

நண்டுக் கூடைக்காரர் மட்டும் நகரவில்லை. புகைக்குள் விரலை நீட்டிப் பார்த்தார். "ஜில்லுனு கீது" என்று மற்றவர்களுக்கு அறிவித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என் எறாலுக்கு ரவோண்டு ஊத்தேன்."

அவர் பெயர் தேசம்மா. எண்ணூர் முகத்துவாரத்தில் உள்ள நெட்டுக்குப்பத்துக்காரர். அங்கே பிடித்த நண்டையும் இறாலையும் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பவர். நான் போகவேண்டியதோ அதற்கு அடுத்த ஸ்டேஷனான, என் பல்கலைக்கழகம் இருக்கும் கிண்டி. ஆக, பீச் ஸ்டேஷனில் இறங்கி, தாம்பரம் வண்டி மாறி, கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் எங்கள் இருவருக்கும் ஒரே பாதை. என் வாழ்க்கையின் முக்கியமான சோதனை ஒன்றுக்கு இவர் துணை நிற்கப் போகிறார் என்று அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஒளிராத குழாய்

இந்தத் தொடரைப் படிக்கிற சிலர், "கெமிஸ்ட்ரி என்கிறீர்கள், ஆனால் எதுவும் வெடிக்கவும் இல்லை, நிறம் மாறவும் இல்லையே" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உண்மைதான். என் ஆராய்ச்சியில் நடந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. ஒரு எலக்ட்ரான் மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

நான் செய்த மூலக்கூறுகளுக்குக் கொடுக்கும் முனை ஒன்று, வாங்கும் முனை ஒன்று, நடுவில் ஒரு பாலம். கொடுக்கும் முனை மேல் ஒளியைப் பாய்ச்சினால் அது பச்சையாக ஒளிரும். ஆனால் எலக்ட்ரான் பாலத்தைக் கடந்து மறுமுனைக்குப் போய்விட்டால் அந்த ஒளி அணைந்துவிடும். இருட்டு என்றால் எலக்ட்ரான் போய்விட்டது என்று அர்த்தம். வெளிச்சம் என்றால் போகவில்லை.

சாதாரணச் சூட்டில் மூலக்கூறுகள் ஆடிக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருக்கும். அந்தத் தள்ளுமுள்ளில் எலக்ட்ரான் வழியில் இருக்கும் ஆற்றல் மேட்டைத் தாண்டிவிடுகிறது. திரவ நைட்ரஜனில் முக்கி உறைய வைத்தால் ஆட்டம் நின்றுவிடும். தள்ளிவிட ஆள் இல்லாததால் எலக்ட்ரான் இந்தப் பக்கமே தங்கும், குழாய் பச்சையாக ஒளிரும். இதுதான் எல்லாரும் எதிர்பார்த்தது.

என் குழாய் ஒளிரவில்லை. கல்லாக உறைந்த பிறகும் இருட்டாகவே கிடந்தது.

எனக்குள் ஒரு குதூகலம். இது டன்னலிங்காக இருக்கவேண்டும். மேட்டின் மேல் ஏறாமலேயே எலக்ட்ரான் மறுபக்கம் போய்விடுவதை அப்படிச் சொல்வார்கள். சுரங்கத்தில் நுழைந்து போவது மாதிரி, ஆனால் சுரங்கம் எதுவும் இருக்காது. குவாண்டம் உலகத்தில் மட்டும் நடக்கிற சங்கதி.

என் வழிகாட்டி சிதம்பரநாதன் சாருக்குக் குதூகலம் எதுவும் வரவில்லை. திருநெல்வேலிக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைக்கும் பேச்சு.

"பிலோமினா, உலகத்துல ஒளிராத பொருள் எவ்வளவோ இருக்கு. இந்த மேஜை ஒளிரல. நான் ஒளிரல. இதெல்லாம் டன்னலிங்கா?"

"இல்ல சார்."

"உன் குழாயில அழுக்கு இருக்கு. அழுக்கு ஒளியை அணைக்குது. போய் மறுபடி சுத்தம் பண்ணு."

சுத்தம் பண்ணினேன். ஒளிரவில்லை. மறுபடியும் பண்ணினேன். "இப்போ அழுக்கு ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றார் சார்.

மிக்ஸி ரிப்பேர்

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் எங்கள் வீடு. அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஆபரேட்டர். "உங்க பொண்ணு இன்னா படிக்குது?" என்று தெருவில் கேட்டபோது, "எலக்ட்ரான் பத்தி" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தெரு அதை எலக்ட்ரிக் என்று எடுத்துக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வாசலில் யாராவது மிக்ஸியோடு நிற்பார்கள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

"பின்ன காலேஜ்ல இன்னாதான் கத்துக் குடுக்குறாங்கோ?"

அப்பாவுக்கு மட்டும் டன்னலிங்கை விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "அதாவது, செவுரு அப்டியே கீது. கதவு தொறக்கல. ஆனா உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சி."

"ஆமாப்பா!"

"இத்த கண்டுபுடிக்கத்தான் இவ்ளோ படிப்பா? நான் மொதல்ல வேலை பார்த்த குடோன்ல கம்பிக்கட்டு வாராவாரம் இப்டித்தான் காணாமப் பூடும்."

அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

ஆனால் அப்பா இல்லாமல் இந்தக் கதை நகர்ந்திருக்காது. எங்கள் துறையில் திரவ நைட்ரஜன் தயாரிக்கும் இயந்திரம் அந்த வருடம் படுத்துவிட்டது. ரிப்பேர் ஆள் வருகிறார், வருகிறார் என்றே ஒரு மழைக்காலம் போயிற்று. வீட்டில் நான் புலம்புவதைக் கேட்டு, அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "கம்பி வெட்றதுக்கு எங்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புற கம்பெனி திருவொத்தியூர் தாண்டிக் கீது. காத்தைப் பிரிச்சிதான் ஆக்சிஜன் எடுக்குறாங்கோ. நீ சொல்ற சரக்கும் அங்க இருக்கும். சூப்பர்வைசர் நம்ம தோஸ்துதான்."

இருந்தது. சூப்பர்வைசர் கேனை நிரப்பியும் கொடுத்தார். அதைக் கிண்டிக்குக் கொண்டுபோவதுதான் பாடு. ஆட்டோக்காரர் புகையைப் பார்த்துவிட்டு, நான் பேரம் பேசுவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பஸ் கண்டக்டர் "எறங்கும்மா" என்று மட்டும் சொன்னார். மிச்சம் இருந்தது ரயில். அதிலும் கேனை வைக்க இடம் உள்ள ஒரே பெட்டி வெண்டர் பெட்டி.

இன்று என் மாணவர்கள் யாராவது இப்படித் திரவ நைட்ரஜனோடு ரயில் ஏறினால் ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளேயே விடமாட்டேன். அது வேறு விஷயம்.

"எந்த ஏரியா பையன்?"

வாரம் ஒருமுறையாவது அந்தப் பயணம் இருந்தது. மூன்றாவது நான்காவது வாரத்திலேயே தேசம்மா அக்கா எனக்காக இடம் பிடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார். கேனைச் சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு பழைய கோணிச் சாக்கையும் சுருட்டிக் கொண்டு வருவார்.

ஒருநாள் என் முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டார்.

"எலக்ட்ரான் போகுதா போகலையான்னு தெரியலக்கா. போகுதுன்னு நான் சொல்றேன். சார் நம்ப மாட்டேங்கறார்."

பெட்டியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தேசம்மா அக்கா குரலைத் தணித்துக்கொண்டார்.

"எலெட்ரானு எந்த ஏரியா பையன்?"

எனக்கு வந்த சிரிப்பில் கேனை விட்டிருப்பேன். பையன் இல்லை, கண்ணுக்கே தெரியாத பொடி என்று விளக்கியும் பலனில்லை. அன்றிலிருந்து நான் ஏறியதும் யாராவது ஒருவர், "இன்னா பாப்பா, ஒன் ஆளு தாண்டிக்கினானா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. "இன்னும் இல்லக்கா" என்பேன். "உடு, வருவான். எங்க பூடப் போறான்" என்று ஆறுதல் சொல்வார்கள்.

என் துறையில்கூட யாரும் அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை

சார் கெடு வைத்தார். வெள்ளிக்கிழமை என் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்யும் கமிட்டி கூடுகிறது. அதற்கு முன் விஷயம் தெளிவாகாவிட்டால் இந்த மூலக்கூறுகளைக் கைவிட்டு, இரும்புத் துரு பற்றி வேறு தலைப்பு. "துரு நல்ல தலைப்பும்மா. உங்க அப்பாவுக்கும் உபயோகமா இருக்கும்" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. நான் வருடக்கணக்கில் சமைத்த மூலக்கூறுகள் அவை.

அழுக்கா, டன்னலிங்கா என்று தீர்க்க ஒரு வழி இருந்தது. பாலத்தின் நீளத்தை மாற்ற வேண்டும். இதுவரை நான் முக்கிய குட்டையான பாலம், அதோடு நடுத்தரம், நீளம் என்று மூன்று. அழுக்குதான் காரணம் என்றால் மூன்றும் ஒரே மாதிரி இருட்டாக இருக்கும், அழுக்குக்குப் பாலம் எவ்வளவு நீளம் என்பது பொருட்டில்லை. டன்னலிங் என்றால் பாலம் நீள நீள எலக்ட்ரான் தடுமாறும், போக முடியாமல் இந்தப் பக்கமே தங்கும். நீளமான பாலம் பச்சையாக ஒளிர்ந்தே தீரவேண்டும்.

மற்ற இரண்டையும் தயார் செய்து வைத்துவிட்டு, கமிட்டிக்கு முந்தைய நாள் காலை நைட்ரஜன் எடுக்கப் போனேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது, பீச் ஸ்டேஷன் வரைக்கும்.

பிளாட்பாரத்தில் ஒரு ரயில்வே போலீஸ்காரர் கையைக் காட்டினார். "என்னம்மா அது?"

"லிக்விட் நைட்ரஜன் சார்."

"நைட்ரோ..." என்றபடி ஓரடி பின்வாங்கினார். "தொறக்காத. அங்கேயே வை. இன்ஸ்பெக்டர் வரட்டும்."

அவர் மேல் தப்பே இல்லை. புகைகிற கேனோடு ஒரு பெண் வந்தால் எந்தப் போலீஸ்காரரும் அதைத்தான் செய்வார். ஆனால் அந்தக் கேன் பழையது. சுவருக்குள் இருந்த வெற்றிடம் எப்போதோ போய்விட்டதால், நிற்க நிற்க உள்ளே இருப்பது ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும். தாம்பரம் வண்டி வந்தது, போனது. அடுத்ததும் போனது.

தேசம்மா அக்கா வண்டி ஏறவில்லை. கூடையோடு என் பக்கத்தில் நின்றார். சைதாப்பேட்டையில் காலை வியாபாரம் முடிந்துகொண்டிருக்கும் நேரம் அது.

"நீங்க போங்கக்கா."

"சொம்மா இரு" என்றவர் போலீஸ்காரரிடம் திரும்பினார். "நைனா, இந்தப் பொண்ணு எத்தினி மாசமா எங்ககூட வந்துகினு கீது. வெடிக்கிற சரக்கா இருந்தா எங்க எறால் எல்லாம் அன்னிக்கே வறுவலாயிருக்கும்."

"அப்ப உள்ள என்னதான் இருக்கு?"

"காட்டு பாப்பா" என்றார் அக்கா.

மூடியைத் தூக்கி, கொஞ்சத்தைப் பிளாட்பாரத்தில் சரித்தேன். துளித்துளியாகச் சிதறி, முத்துகள் மாதிரி வழுக்கி ஓடி, போலீஸ்காரரின் பூட்ஸ் வரை போய், இல்லாமல் போயிற்று. தரையில் ஈரம்கூட இல்லை. அவர் குனிந்து பார்த்தார்.

"எங்க போச்சு?"

"காத்துல கலந்துடுச்சு சார். காத்துல இருந்து எடுத்ததுதான்."

"கேட்டுக்கினியா?" என்றார் தேசம்மா அக்கா. "காத்தை எடுத்துகினு போறதுக்குக் கேசு போடுவியா நைனா?"

பிளாட்பாரமே சிரித்தது. போலீஸ்காரரும் சிரிப்பை அடக்கத்தான் மீசையைத் தடவினார். "இதான் கடைசி. இனிமே ரயில்ல இது வரக்கூடாது" என்று சொல்லி எங்களைப் போகவிட்டார்.

கொஞ்சம் நைட்ரஜன்

துறைக்குப் போய்க் கேனைத் திறந்தால், அடியில் கொஞ்சம்தான். மூன்று குழாய்க்குக் காணாது. சார் எட்டிப் பார்த்தார். "எதை முக்கப் போற?"

"நீளமான பாலம் சார்."

குட்டையானது இருட்டு என்றுதான் ஏற்கெனவே தெரியுமே. நீளமானதும் இருட்டாக இருந்தால் என் கதை முடிந்தது, துருவுக்குப் போகலாம். கண்ணாடிக் குடுவையில் நைட்ரஜனை ஊற்றி, குழாயை இறக்கினேன். சளசளவென்று கொதித்து அடங்கியது. சார் கதவைச் சாத்திவிட்டு விளக்கை அணைத்தார். நான் புற ஊதா விளக்கைப் போட்டேன்.

பச்சை. மங்கலாக ஏதோ தெரிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய பச்சை இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தின் சுவரில் எங்கள் இருவரின் நிழலும் விழுகிற அளவுக்குப் பச்சை.

சார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "விளக்கை அணை" என்றார். அணைத்தேன், இருட்டு. "போடு." மறுபடியும் பச்சை. "நடுத்தரம் இருக்கா?" மிச்சமிருந்த நைட்ரஜனில் அந்தக் குழாயை இறக்கினேன். இதிலும் பச்சை, ஆனால் மங்கல். சொல்லி வைத்தாற்போல இரண்டுக்கும் நடுவில்.

நைட்ரஜன் தீர்ந்து, குழாய் உருகி, ஒளி போகும்வரை இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது சொல்வார், "நீ சொன்னதுதான் சரி" என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"சரி. போய்ச் சாப்பிடு" என்றார்.

மறுநாள் கமிட்டியில் சார் எழுந்து, "நாங்கள் ஆரம்பத்திலிருந்தே எதிர்பார்த்தபடி, இங்கே டன்னலிங் நடக்கிறது" என்று தொடங்கினார். நான் தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். நிமிர்ந்திருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த ஆராய்ச்சி உலகத்தைப் புரட்டிப் போட்டதா என்றால், இல்லை. நாங்கள் கட்டுரை எழுதி அனுப்புவதற்குள் வெளிநாட்டுக் குழு ஒன்று ஏறக்குறைய அதே சங்கதியை எங்களைவிட நல்ல கருவிகளோடு வெளியிட்டுவிட்டது. எங்களுடையது நடுத்தரமான ஒரு பத்திரிகையில், பின்பக்கமாக வந்தது. ஆனாலும் எனக்குப் பட்டம் வந்தது, வேலை வந்தது. எலக்ட்ரான் பாலம் கடப்பதைப் பார்ப்பதே பிழைப்பாகவும் ஆனது.

சார் வடக்கே வந்த கதை

இதைச் சொல்லாமல் விட்டால் தேசம்மா அக்கா மன்னிக்கமாட்டார்.

போலீஸ்காரரின் தடைக்குப் பிறகு, கம்பெனி வண்டியிலேயே நைட்ரஜனை அனுப்பச் சொல்லிக் கேட்கவேண்டி இருந்தது. "உங்க சாரே வந்து பேசட்டும்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வெற்றிடம் போன கேனையும் அங்கேயே சரிசெய்து தருவதாகச் சொன்னார். ஆக, காலிக் கேனோடு சாரும் நானும் பகல் வண்டியில் கிளம்பினோம். பீச் ஸ்டேஷனுக்கு வடக்கே சார் வருவது அதுதான் முதல் தடவை.

"சாதாரணப் பெட்டியிலயே போகலாம் சார், கேன் காலிதானே" என்றேன். "நீ எப்பவும் எதுல போவியோ அதுலயே போவோம்" என்றார்.

வியாபாரம் முடிந்து பெண்கள் திரும்புகிற நேரம். கூடைகள் காலியாக இருந்தாலும் வாசனை காலியாகவில்லை. சைவக்காரரான சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கஞ்சிச் சட்டை எதிலும் படாதவாறு நடுவில் கம்பம் மாதிரி நின்றார்.

"ஒன் வாத்தியாரா பாப்பா?" என்றார் தேசம்மா அக்கா. உடனே தன் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். "குந்து சாரு. வண்டி ஆடும், வுழுந்துடுவ."

சார் கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"இவங்கதான் சார், அன்னிக்கு பீச் ஸ்டேஷன்ல எனக்காக நின்னாங்க."

சார் கைகூப்பினார். "ரொம்ப நன்றிம்மா. உங்க வியாபாரம் கெட்டுப்போச்சுன்னு பிலோமினா சொன்னா."

"அத்த உடு சாரு. ஒண்ணு கேக்குறேன். இந்தப் பொண்ணு அந்த எலெட்ரான் தாண்டிப் பூட்ச்சி, தாண்டிப் பூட்ச்சினு சொல்லிக்கினே இருந்திச்சி. மெய்யாலுமே தாண்டிச்சா?"

பெட்டியே சாரைப் பார்த்தது. மாதக்கணக்கில் விசாரித்தவர்கள் இல்லையா.

"தாண்டிச்சும்மா" என்றார் சார். "அவ சொன்னது மெய்தான். நான்தான் நம்பல."

"அத்த அந்தப் பொண்ணாண்ட சொன்னியா?"

சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். "இல்ல."

"அப்ப சொல்லு."

வண்டி கொருக்குப்பேட்டை கூட்ஸ் லைன்களைக் கடந்துகொண்டிருந்தது. தடதடவென்று தண்டவாளம் மாறுகிற சத்தம். சார் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் சொன்னார்.

"பிலோமினா, நீ சொன்னதுதான் சரி."

நான் காலிக் கேனின் மூடியைச் சரிசெய்தேன். தேசம்மா அக்கா என் முகத்தைப் பார்த்தார், சார் முகத்தைப் பார்த்தார்.

"சத்தமா சொல்லு சாரு. வண்டி சத்தத்துல பொண்ணுக்குக் கேக்கல."

குரலை உயர்த்தாத என் சார், அன்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார்.

முதல் தடவையே எனக்குக் கேட்டுவிட்டது.